முன்வரிசை வீரனை மதிப்பிடும் கலை



அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று கூறுவது நாம் அறிந்த ஆட்டத்தை அன்று. தலைக்கவசம் அணிந்த பதினொருவர், நீள்வட்டமான பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் எதிரணியின் எல்லையைக் கடக்க முயலும் ஆட்டம் அது. தாக்கும் அணியின் முன்னே அரண்போல் ஐவர் நிற்பர். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருமருங்கும் கார்ட் இருவர். ஓரங்களில் டக்கிள் இருவர். பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காப்பதும், பந்தை ஏந்தி ஓடுபவனுக்கு வழி திறப்பதும் இவர்தம் கடமை.

கல்லூரி வீரர்களைத் தொழில்முறைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் வழக்கம் 1936இல் தொடங்கியது. ஓடுபவனுக்கு ஓடிய யார்க் கணக்கு உண்டு. எறிபவனுக்கு எறிந்த கணக்கு உண்டு. முன்வரிசையானுக்கோ அத்தகைய கணக்கு இல்லை. அவனை எவ்வாறு எடைபோடுவது?

முதலாவது வழி அளவை. 1987 முதல் இந்தியானாபொலிஸ் நகரில் நடந்துவரும் தேர்வில் உயரம், நிறை, கைநீளம் ஆகியன அளக்கப்படுகின்றன. 225 இறாத்தல் பாரத்தை எத்தனை முறை மார்பின்மேல் உயர்த்துகிறான் என எண்ணுகின்றனர். 40 யார் ஓட்டத்தில் முதற் பத்து யாரையே கூர்ந்து நோக்குவர். ஏனெனில் இவன் களத்தில் அதற்கு மேல் ஓடுவது அரிது. கை நீண்டவன் எதிரியின் மார்பை முதலில் தொடுவான். முதலில் தொட்டவனே பெரும்பாலும் பிடியை வெல்வான். ஆதலால் கை குறுகிய டக்கிளைக் கார்ட்டாக மாற்றுவதும் உண்டு.

இரண்டாவது வழி, அவன் ஆடிய ஆட்டங்களின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. முழங்கால் மடிந்து உடல் தாழ்ந்திருக்கிறதா? பின்வாங்கும்போது பாதங்கள் பின்னிக்கொள்கின்றனவா? எதிரிகள் இருவர் இடம்மாறிப் பாயும்போது அதனை உணர்கிறானா? இங்கும் ஓர் இடர் உண்டு. கல்லூரி அணிகள் பல பந்தை விரைவில் எறிந்துவிடுகின்றன. நெடுநேரம் தடுத்து நிற்கவேண்டிய தேவை எழாதவனின் குறை படத்தில் வெளிப்படாது.

அளவையை மட்டும் நம்பினால் விளைவது என்ன? 1989இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரொனி மன்டரிச், உடல்வலிமையால் வியப்பூட்டி, இரண்டாவதாகத் தெரிவானார். கிரீன் பே கழகத்தில் மூன்று பருவங்களே ஆடினார், எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. கல்லூரிக் காலத்தில் தசைவளர்க்கும் மருந்து உட்கொண்டதை அவரே 2008இல் ஒப்புக்கொண்டார். அவருக்கு அடுத்துத் தெரிவான மூவரும் பின்னர் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர்.

மறுபுறம், ஜேசன் கெல்சி நிறை குறைந்தவர் எனக் கருதப்பட்டு, 2011இல் 191ஆவதாகவே தெரிவானார். ஆனால் அவரது விரைவும் மதிநுட்பமும் பிலடெல்பியா அணியின் நடுவரிசையை ஆண்டன. 2018 பெப்ரவரியில் அவ்வணி வாகை சூடியது. 2007இல் கிளீவ்லாந்து தெரிந்த ஜோ தோமசின் கையோ 33 அங்குலத்தை எட்டவில்லை. அவர் 10,363 ஆட்டத் தொடக்கங்களில் ஒன்றையேனும் தவறவிடாது இடப்புறத்தைக் காத்தார்.

உடல் என்ன செய்யக்கூடும் என்பதை அளவை சொல்லும். அவன் என்ன செய்கிறான் என்பதைப் படம் சொல்லும். இரண்டும் முரண்படும்போது, ஏன் முரண்படுகின்றன என்று ஆராய்பவரே நல்ல மதிப்பீட்டாளர். அவர் தவறினால் கழகம் இழப்பது ஒரு தெரிவு. இளைஞன் இழப்பதோ தன் வாழ்வின் வாய்ப்பு.