இலகு வானூர்திப் பொறிக் குளிர்விப்பு
இலகு வானூர்திப் பொறிக் குளிர்விப்பு என்பது எதிர்ப்படும் காற்றைப் பொறிக்கூண்டினுள் செலுத்தி உருளைகளின் (சிலிண்டர்) வெப்பத்தை அகற்றும் முறையாகும். முழுத்திறனுடன் மெதுவாக மேலேறும்போதே இதன் தேவை மிகுதி. காற்று வரத்தோ அப்போது குறைவு. லைக்கோமிங் ஓ-235 பொறியின் உருளைத்தலை வெப்பநிலை 260 °செ-ஐத் தாண்டக்கூடாது. தொடர்ந்து சூடேறினால் உருளை வெடிப்புறலாம்.

சூடு கூடினால் நுழைவாயிலைப் பெரிதாக்கவே பலருக்கும் தோன்றும். அது பெரும்பாலும் இழுவையையே கூட்டும். உருளைகளின் இருபுறமும் அழுத்த வேறுபாடு இருந்தால்தான் காற்று குளிர்விப்புத் தகடுகளின் இடையே புகும். தடுப்புகளில் சிறு இடைவெளி இருப்பினும் அவ்வழியே நழுவிவிடும். எனவே முதலில் இடைவெளிகளை அடைத்து, பின்னரே வெளியேறும் வாயின் பரப்பை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

பெங்களூரின் தேசிய வானூர்தியியல் ஆய்வகம் (இன்றைய என்ஏஎல்) உருவாக்கிய இலகு கனார்டு ஆய்வு வானூர்தி 1987-இல் பறந்தது. இது பர்ட் ரூட்டானின் வீட்டில் கட்டக்கூடிய லாங்-ஈசீ வடிவமைப்பைத் தழுவியது. இவ்வகையில் சுழலி பின்புறம் உள்ளதால், தரையில் நிற்கும்போது அது நுழைவாயிலுக்குள் காற்றை வீசுவதில்லை. லாங்-ஈசீயில் காற்று வயிற்றுப்புறத் துளைவழி நுழைந்து மேல்நோக்கிச் செல்கிறது. உருளைகளை அடையுமுன் புகைபோக்கிக் குழாய்களைக் கடந்து சூடாகிறது. ஆதலால் கட்டுநர் சிலர் காற்றை மேலிருந்து கீழாகச் செலுத்துமாறு மாற்றிக்கொண்டனர்.