வெறுங்கால் கென்: ஒரு படக்கதையும் அதன் திரைப்படமும்

ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள். நம் பள்ளிகள் பலவற்றில் அன்று மாணவர்கள் காகிதக் கொக்கு மடிப்பார்கள். சடாகோ சசாகியின் கதையைக் காலை வணக்கக் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். குண்டு விழுந்தபோது அவளுக்கு வயது 2. இரத்தப் புற்றுநோயால் 1955இல் 12 வயதில் இறந்தாள். கேட்கும் குழந்தைகள் வருந்துவார்கள். ஆனால் அந்தப் போரை ஜப்பானுக்குள்ளேயே எதிர்த்தவர்கள் இருந்தார்களா, தப்பிப் பிழைத்தவர்கள் மறுநாள் எதைச் சாப்பிட்டார்கள் என்ற கேள்விகள் அந்தக் கதையில் எழுவதில்லை. அவற்றை எழுப்பும் படக்கதை ஒன்று இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'ஹடாஷி நோ கென்'; தமிழில் 'வெறுங்கால் கென்' எனலாம்.

ஜப்பானியப் படக்கதைகளை 'மாங்கா' என்பார்கள். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னதும் சிரிப்பலை எழும், எழட்டும். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த ஆசிரியர்களுக்குப் படக்கதை என்றால் துப்பறிதலும் சாகசமும்தான் நினைவுக்கு வரும். கென் கதையிலும் சண்டையும் குறும்பும் உண்டு. ஆனால் இது எழுதியவரின் சொந்த வாழ்க்கை.

கெய்ஜி நகாசாவா 1939இல் ஹிரோஷிமாவில் பிறந்தார். குண்டு விழுந்தபோது அவருக்கு 6 வயது. பள்ளி வாசலில் நின்றிருந்த அவரைக் காப்பாற்றியது பள்ளியின் கற்காரைச் சுவர். வீட்டில் இருந்த தந்தையும் அக்காவும் தம்பியும் இறந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான தாய் அன்றே தெருவில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தை சில மாதங்களே உயிரோடு இருந்தது. தாய் 1966இல் இறந்தார். உடலை எரித்த பிறகு சாம்பலில் எலும்புகள்கூட மிஞ்சவில்லை. கதிர்வீச்சு தன் தாயின் எலும்பையும் விட்டுவைக்கவில்லையே என்ற கோபமே தன்னை அணுகுண்டைப் பற்றி வரையத் தூண்டியதாக நகாசாவா சொல்லியிருக்கிறார்.

'வெறுங்கால் கென்' 1973இல் சிறுவர்களுக்கான 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கியது. பின்னர் இதழ் விட்டு இதழ் மாறியது. 1982 முதல் 1987 வரை கடைசிப் பகுதியை வெளியிட்டது ஜப்பானிய ஆசிரியர் சங்கத்தின் இதழ் என்பது நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி. மொத்தம் 10 தொகுதிகள். 1976இல் டோக்கியோவில் இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி, ஊதியம் பெறாமல் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள்.

முதல் தொகுதி கோதுமைப் பயிரில் தொடங்குகிறது. குளிர்காலத்தில் முளைக்கும் இளம் கோதுமையைக் காலால் மிதித்து வேரை உறுதிப்படுத்துவது ஜப்பானிய உழவர்களின் வழக்கம். நெல் வயலில் இறங்கி மிதித்தால் முதுகில் அடி விழும் என்று அறிந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கும். பாடத்தை இங்கேயே தொடங்கலாம். மிதிபட்டாலும் நிமிரும் கோதுமையைப் போல இருக்கும்படி தந்தை பிள்ளைகளிடம் சொல்கிறார். அவர் போரை வெளிப்படையாக எதிர்ப்பவர். அதனால் அக்குடும்பத்தைத் தெருவே துரோகிகள் என்று ஒதுக்குகிறது. காவல்துறை தந்தையை அடிக்கிறது. பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். உதவுபவர், தானும் இழிவாக நடத்தப்படும் கொரிய அண்டைவீட்டுக்காரர். குண்டு விழுவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிடுகிறது. என் கணிப்பில் இந்தத் தொகுதியின் மிகச் சிறந்த பகுதி இதுதான்.

இதை மோரி மசாகி இயக்கத்தில் 1983இல் அனிமேஷன் திரைப்படமாக எடுத்தார்கள். திரைக்கதையை நகாசாவாவே எழுதினார். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். அதற்குள் அடக்க வேண்டியதால் கென்னின் இரண்டு அண்ணன்களும் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். போரை எதிர்த்ததால் குடும்பம் பட்ட பாடும் மிகவும் சுருங்கிவிடுகிறது. குண்டு வெடிக்கும் காட்சியோ விரிந்துவிடுகிறது. மனித உடல்கள் உருகுவது வண்ணத்திலும் ஒலியிலும் வருகிறது. பெரியவர்களையே உலுக்கும் காட்சி அது.

படக்கதைக்கும் திரைப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இடிந்த வீட்டின் அடியில் தந்தையும் அக்காவும் தம்பியும் சிக்கியிருக்கிறார்கள், தீ நெருங்குகிறது, சிறுவன் உத்தரத்தைத் தூக்கப் பார்க்கிறான். புத்தகத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெள்ளை இடைவெளி இருக்கிறது. அங்கே நடப்பதை வாசகரே நிரப்பிக்கொள்கிறார். தாங்கவில்லை என்றால் பக்கத்தை மூடலாம், பிறகு திரும்பி வரலாம். திரையில் காட்சி நம்மைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. ஆகவே முதலில் புத்தகம், பிறகு படம். அதுவும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல், ஆசிரியர் முழுவதையும் ஒருமுறை பார்த்த பிறகு. தொடக்கப்பள்ளிக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாம். பிந்தைய தொகுதிகளில் வன்முறை கூடுவதால் அவற்றை மேல்நிலை மாணவர்களுக்கு ஒதுக்குவது நல்லது.

இந்நூலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்ற விவாதம் ஜப்பானிலேயே ஓயவில்லை. ஜப்பானியப் படையினர் பிற ஆசிய நாடுகளில் செய்த கொடுமைகளைக் காட்டும் பக்கங்களுக்காக, மட்சுயே நகரக் கல்வி வாரியம் 2012இல் இதைப் பள்ளி நூலகங்களின் திறந்த அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் 2013 ஆகஸ்டில் அக்கட்டுப்பாடு நீங்கியது. ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியமே 2023இல் தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இதை நீக்கியது. நோயுற்ற தாய்க்காகப் பிறர் வீட்டுக் குளத்தில் கென் மீன் திருடும் காட்சி அப்பாடத்தில் இருந்தது. இன்றைய மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அதை விளக்குவது கடினம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. முன்னும் பின்னும் இல்லாமல் நாலு பக்கத்தை வெட்டி ஒட்டினால், திருட்டு மட்டும்தான் தெரியும், பசி தெரியாது. அதற்குத் தீர்வு நீக்குவதல்ல. வயது வந்த மாணவரிடம் முழுத் தொகுதியையும் கொடுப்பது.

வகுப்பறைக்குக் கோதுமை வயல் பக்கங்களே போதும். பேச்சுக் குமிழ்களைத் தாளால் மறைத்துவிட்டு, யார் யாரிடம் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதச் சொல்லலாம். பிறகு தாளை எடுத்து ஒப்பிடலாம். மொழிப் பாடவேளைக்கும் வரலாற்றுப் பாடவேளைக்கும் ஒருசேரப் பயன்படும்.

கென் மிகக் கடுமையாகத் தோன்றினால், ஃபுமியோ கோனோ வரைந்த 'உலகின் இந்த மூலையில்' என்ற மாங்காவைப் பரிந்துரைப்பேன். அதை சுனாவோ கட்டாபுச்சி 2016இல் அனிமேஷன் படமாக எடுத்தார். ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள கூரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்கு மணமாகிப் போகும் சுசு என்ற பெண்ணின் கதை. படம் நீளமானது, இரண்டு நாளாகப் பிரித்துத் திரையிடலாம். ரேஷன் குறைந்த வீட்டில் அவள் காட்டுக் கீரைகளைப் பறித்துவந்து சமைக்கும் காட்சியோடு முதல் நாளை நிறுத்திவிட்டு, பஞ்ச காலத்தில் தங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று பாட்டிமார்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.