வாசலில் பச்சைக் கிளை தொங்கினால் விருந்து ரெடி! - ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டத்துச் சாப்பாடு

ஆஸ்திரியாவின் திராட்சை விளையும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. விவசாயி வீட்டு வாசலில் பைன் மரக் கிளைகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தால், 'உள்ளே வாங்க, சாப்பிடலாம்' என்று அர்த்தம். கிளை இல்லையென்றால் இன்று கடை இல்லை!

இந்தத் தோட்டத்து உணவகங்களை வியன்னா பக்கம் 'ஹாய்ரிகர்' என்று அழைக்கிறார்கள். 'இந்த வருஷத்தது' என்று பொருள். புது ஒயினுக்கும் அதே பெயர்தான். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் வந்துவிட்டால் போன வருடத்து ஒயின் 'பழசு' ஆகிவிடும். புதுசுக்கு இடம்விட வேண்டியதுதான். கிராமப்புறங்களில் இதே மாதிரியான கடைக்கு 'புஷென்ஷாங்க்' என்று பெயர். 'புஷென்' என்றால் வாசலில் தொங்கும் அந்தக் கிளைக்கொத்து.

பேரரசர் கொடுத்த உரிமை

இதன் பின்னால் ஒரு விவசாயப் பிரச்னை இருக்கிறது. கொரிட்சியா என்ற பகுதியில் இருந்த ஒரு பிரபு, அங்குள்ள விடுதிகளில் தன்னுடைய ஒயினை மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாராம். பாடுபட்டு விளைவித்த விவசாயிகள் பேரரசர் இரண்டாம் ஜோசப்பிடம் முறையிட்டதாகச் சொல்லப்படுகிறது.

1784 ஆகஸ்ட் 17-ம் தேதி அவரிடமிருந்து உத்தரவு வந்தது. தான் விளைவித்த உணவுப் பொருளையும், தான் தயாரித்த ஒயினையும் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், தான் விரும்பும் விலைக்கு விற்கலாம் என்றது அது. விலை சொல்லும் அதிகாரம் விளைவித்தவர் கைக்கு வந்தது. இன்றும் புஷென்ஷாங்கின் அடிப்படை விதி அதுதான்: ஊற்றிக் கொடுப்பது சொந்தத் தோட்டத்து ஒயினாக இருக்க வேண்டும்.

தட்டில் என்ன இருக்கும்?

பெரிய மெனு கார்டை எதிர்பார்க்காதீர்கள். புஷென்ஷாங்கில் சூடான சமையல் கிடையாது. பீரும் காபியும்கூடக் கிடையாது. ஒரு மரப்பலகையில் ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், ஊறுகாய் வெள்ளரி என அடுக்கிக் கொடுப்பார்கள். மிளகாய்ப் பொடி கலந்த 'லிப்டாவர்' என்ற சீஸ் கலவையை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது ரொம்பவே பிரபலம். ஸ்டிரியா மாநிலத்தில் கரும்பச்சை நிறப் பூசணி விதை எண்ணெய் சாலட்டில் மணக்கும். ரொட்டியில் தடவும் 'ஷ்மால்ட்ஸ்' பன்றிக் கொழுப்பு என்பதால், சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. உணவக உரிமமும் சேர்த்து வைத்திருக்கும் வியன்னா ஹாய்ரிகர்களில் சூடான உணவும் கிடைக்கும்.

ஒயினிலும் ஒரு ஸ்பெஷல் உண்டு. வியன்னாவின் 'கெமிஷ்டர் ஸாட்ஸ்' ஒயினுக்கு ஒரே தோட்டத்தில் குறைந்தது மூன்று வகை வெள்ளைத் திராட்சைகளைச் சேர்த்து வளர்த்து, ஒன்றாகவே பறித்துப் பிழிகிறார்கள். குழந்தைகளுக்கும் ஒயின் குடிக்காதவர்களுக்கும் திராட்சை ஜூஸ் இருக்கிறது. அதனால்தான் நீள மர பெஞ்சில் தாத்தா முதல் பேரன் வரை குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடிகிறது.

ஏன் சில வாரம் மட்டும்?

பல கடைகள் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. தோட்டத்தில் கொடி வெட்டுவதும், பழம் பறிப்பதும், மாலையில் தட்டு பரிமாறுவதும் ஒரே குடும்பம்தான். தோட்ட வேலை அதிகமானால் கிளையை இறக்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் கிளையை ஏற்றுவார். யார் எப்போது திறப்பார்கள் என்பதற்கு ஊருக்கு ஊர் காலண்டரே இருக்கிறது.

அதனால் இந்தக் கிளை ஒரு குடும்பத்தின் உழைப்பை நம்பித்தான் தொங்குகிறது. அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால், ஒயினை வெளியில் வாங்கி விற்று இதே கடையை நடத்த முடியாது. வியன்னாவின் ஹாய்ரிகர் கலாசாரம் 2019-ல் ஆஸ்திரியாவின் யுனெஸ்கோ தேசிய மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால், பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. தோட்டத்தில் ஆள் இருக்க வேண்டுமே!

போகிறவர்களுக்கு...

வியன்னா நகர எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. டி டிராம் ஏறினால் நுஸ்டார்ஃப், 38-ம் எண் டிராம் ஏறினால் கிரின்ஸிங். ஹைலிகென்ஷ்டாட்டில் 1817-ல் பீத்தோவன் குடியிருந்த வீடு, இன்று ஒரு ஹாய்ரிகர்!

ஒயின் குடிப்பவர்கள் காரை எடுக்க வேண்டாம். மது உடல்நலத்துக்குக் கேடு என்பதும் நினைவிருக்கட்டும். கிளம்பும் முன் அந்தக் காலண்டரைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்!