பத்து மணிக்குப் பாட்டு நிற்கும்

மகாராஷ்டிர மாநிலத்தில், புனே நகரை ஒட்டி, வாகட் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலை இதன் வழியாகப் போகிறது. பக்கத்தில் ஹிஞ்சவடி. அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஏராளம். பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பக்கம் குடியிருக்கின்றன.

அப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், மாலையில் வரவேற்பு. வரவேற்புக்கு ஒரு புல்வெளி மைதானம் பேசி முடித்தாயிற்று. இங்கே அதை 'லான்' என்பார்கள். மேலே கூரை கிடையாது. சுற்றிலும் மாடிக் குடியிருப்புகள்.

"டிஜே வைக்கணும்பா" என்கிறாள் மகள்.

"நாதஸ்வரம் இருக்கே. அது போதாதா?" என்கிறார் அப்பா.

"அது காலையிலப்பா. ராத்திரி என் கூட வேலை பாக்கிறவங்க எல்லாம் ஆடணும்னு இருக்காங்க."

பாட்டிக்கு ஒரு சந்தேகம். "டிஜேன்னா என்னடீ? ஆளா, பெட்டியா?"

நல்ல கேள்வி. ஆள்தான். டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கம் டிஜே. டிஸ்க் என்றால் தட்டு. நம் ஊர்க் கல்யாண வீட்டில் மைக் செட்காரர் இசைத்தட்டு வைப்பாரே, அந்தத் தட்டுதான். அமெரிக்காவில் வானொலியில் தட்டு வைத்துப் பேசியவர்களை முதலில் இப்படி அழைத்தார்கள். பிறகு நியூயார்க் நகரில் 1973ஆம் ஆண்டு கூல் ஹெர்க் என்பவர் ஒரு வீட்டு விருந்தில் பாட்டுப் போட்டார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள் வைத்துக்கொண்டு, ஆடுவதற்கு ஏற்ற தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவது அவர் கண்டுபிடித்த வித்தை. இன்று தட்டு இல்லை. மடிக்கணினியும் இரண்டு சுழல் வட்டுகள் உள்ள ஒரு கருவியும் இருக்கின்றன. வேலை அதேதான். ஒரு பாட்டு ஓடும்போதே காதில் மாட்டிய கருவியில் அடுத்த பாட்டைக் கேட்பார். இரண்டின் தாளத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவார். பிறகு இடைவெளி தெரியாமல் இணைப்பார். ஆடுகிறவர் கால் நிற்காது.

இதில் கருவியைவிடக் கண்தான் முக்கியம். நம் தவில்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் கண் எப்போதும் மணமேடையில் இருக்கும். விரல் அசைந்ததும் கெட்டிமேளம் முழங்கும். நல்ல டிஜேயும் அப்படித்தான். கூட்டம் களைத்துவிட்டதா, சாப்பிடப் போகிறதா, பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துப் பாட்டை மாற்றுவார். இது தெரியாதவர் எவ்வளவு பெரிய ஒலிபெருக்கி கொண்டுவந்தாலும் வெறும் மைக் செட்காரர்தான். ஆகவே பேசி முடிக்கும் முன் அவர் நடத்திய ஒரு கல்யாணத்தின் வீடியோவைப் பாருங்கள். அவர் யாரைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

சரி, நம் அப்பா விசாரிக்கப் போகிறார். "அஞ்சு மணி நேரப் பேக்கேஜ் சார். ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பன்னிரண்டு வரை" என்கிறார் ஒரு டிஜே. கேட்க நன்றாக இருக்கிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஏழிலிருந்து பத்து வரை மூன்று மணி நேரம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு மணி நேரம். இந்த இரண்டாவது பகுதி அவர் விற்கக்கூடிய சரக்கே இல்லை. 2000ஆம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

"போன மாசம் பக்கத்து லான்ல பதினொன்னரை வரை ஓடிச்சே" என்று யாராவது சொல்வார்கள். ஓடியிருக்கலாம். யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள். மேல் மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், நோயாளி இருந்தால், 112க்கு ஒரு போன் போதும். போலீசார் வந்து நிறுத்துவார்கள். நடு ஆட்டத்தில் பாட்டு நிற்பது கல்யாண வீட்டுக்கு அழகா? இரண்டு மணி நேரக் காசும் திரும்பி வராது.

வேறு சிலர் இரண்டு காரணம் சொல்வார்கள். "அரசே பன்னிரண்டு மணி வரை அனுமதி தருகிறது" என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகாது. பண்டிகைகளுக்காக மாநில அரசு அறிவிக்கும் நாட்கள் அவை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அல்ல. "மண்டபத்துக்கு விலக்கு உண்டு" என்பது இன்னொன்று. அதுவும் உண்மைதான். ஆனால் நான்கு பக்கமும் மூடிய மண்டபமாக இருக்க வேண்டும். துணிப் பந்தல் மூடிய இடம் ஆகாது.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஐந்து மணி நேரம் வேண்டுமா? மாலை ஐந்துக்கு ஆரம்பியுங்கள். அழைப்பிதழிலேயே நேரத்தை முன்னால் தள்ளிப் போடுங்கள். விருந்தினர் எட்டு மணிக்குத்தான் வருவார்கள் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பேசுங்கள். வண்டி வந்து, பெட்டி இறக்கி, வயர் இழுக்கும் நேரம் உங்கள் கணக்கில் சேரக் கூடாது.

பகலிலும் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். லான்காரர் "டிஜே வாங்குவார்" என்பார். டிஜே "பார்ட்டி வாங்கணும்" என்பார். பார்ட்டி என்றால் நீங்கள். யார் வாங்குவது என்று முதல் நாளே கேட்டு முடிவு செய்யுங்கள். அனுமதித் தாளை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். தாள் மராத்தியில் இருக்கும். 'ராத்ரி தஹா வாஜேபர்யந்த்' என்றால் இரவு பத்து மணி வரை என்று பொருள். வாசிக்கத் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இனி சத்தத்தைப் பற்றி. சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60. குடியிருப்புப் பகுதிக்கு அரசு வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45. தனியார் இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் நின்று அளக்கும்போது, இதற்கு மேல் 5 வரைதான் போகலாம். இது மிகவும் குறைவு என்று தோன்றும். மேடைக்கு எதிரே இன்னும் அதிகமாகத்தான் இருக்கும். அதனால்தான் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பெரிய விஷயம். மாடி வீடுகளைப் பார்த்து வைக்காதீர்கள். உள்பக்கம் திருப்பி வையுங்கள்.

டெசிபல் கணக்கு நம் அரிசிக் கணக்குப் போல அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்கு ஆகிவிடும். 85 டெசிபல் சத்தத்தை ஒரு மனிதர் எட்டு மணி நேரம் தாங்கலாம். 88 என்றால் நான்கு மணி நேரம். 91 என்றால் இரண்டு. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் வெறும் கால் மணி நேரம்தான். அதற்கு மேல் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் சிதையத் தொடங்கும். அவை மறுபடி முளைப்பதில்லை. ஒலி நிகழ்ச்சிகளில் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது. பாட்டு முடிந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

பாட்டியையும் கைக்குழந்தையையும் எங்கே உட்கார வைப்பது? நம் வழக்கத்தில் பெரியவர்களுக்கு முதல் வரிசை. டிஜே வைத்த கல்யாணத்தில் இந்த மரியாதையைக் கொஞ்சம் மாற்றுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆனால் 6 டெசிபல் குறையும். ஐந்து மீட்டரில் இருப்பவரை இருபது மீட்டருக்கு நகர்த்தினால் 12 குறையும். நாற்காலியைத் தள்ளிப் போடுவதற்குச் செலவே இல்லை.

மகாராஷ்டிரத்தில் ஊர்வலங்களில் ஒலிபெருக்கிகளைச் சுவர்போல அடுக்குவார்கள். அதற்கு 'டால்பி' என்றே பெயர் வந்துவிட்டது. 2018 செப்டம்பரில் ஊர்வலங்களில் இவற்றுக்கு இருந்த தடையை நீக்க மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியில் பெட்டி அடுக்கிக் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் மேலே போகும் மின்கம்பியை நினையுங்கள். 2024 ஆகஸ்டில் பீகாரின் ஹாஜிப்பூரில் பக்தர்கள் சென்ற டிஜே வண்டி உயர் அழுத்தக் கம்பியில் பட்டுப் பலர் இறந்தார்கள்.

மின்சாரம் லானிலிருந்தா, ஜெனரேட்டரிலிருந்தா, டீசல் காசு யாருடையது என்பதையும் கேளுங்கள். எர்த் வயர் போட்டிருக்கிறதா என்று லானின் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு செலவு திடீரென்று வரும். "பாட்டுக்கு ராயல்டி கட்டணும், லைசென்ஸ் எங்கே?" என்று ஹோட்டலில் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. ஆனாலும் வழக்குகள் ஓயவில்லை. இந்தக் கேள்வியை இடம் பேசும் நாளிலேயே கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

அப்பா இப்போது மறுபடி டிஜேயிடம் போகிறார். இந்த முறை கையில் ஒரு தாள் இருக்கிறது. அவரே எழுதியது.

"வரவேற்பு நாள், இடம் மேலே எழுதியபடி. மாலை 4 மணிக்குள் கருவிகள் பொருத்தி முடிக்க வேண்டும். பாட்டு 6 மணிக்குத் தொடங்கி 9.55க்கு முடியும். பேசிய தொகை ரூ. 25,000. முன்பணம் ரூ. 8,000 இன்று கொடுத்தேன். மீதி நிகழ்ச்சி முடிந்த பின். நீங்களே வர வேண்டும். வர முடியாவிட்டால் யார் வருவார் என்று மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும். போலீஸ் அனுமதி நீங்கள் வாங்கி நகல் தர வேண்டும். நீங்கள் வராவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தர வேண்டும். நாங்கள் தேதியை மாற்றினால் முன்பணம் புதிய தேதிக்குச் சேரும். தமிழ்ப் பாட்டுப் பட்டியல் இத்துடன் உள்ளது."

தொகை சும்மா உதாரணத்துக்குத்தான். இந்தத் தாளை இரண்டு பிரதி எடுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ அனுப்பினால் அதுவே ஒரு சாட்சி.

டிஜே தாளை இரண்டு முறை வாசித்தார். "யாரும் இப்படி எழுதிட்டு வர்றதில்ல சார்" என்றார். கையெழுத்துப் போட்டார். மராத்திக்காரர் ஆனதால் தமிழ்ப் பாட்டுகளை மகள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் பட்டியல் எழுதும்போது பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு பழைய பாட்டு எழுதுடீ."

"எப்ப போடணும் பாட்டி?"

"நீங்க எல்லாம் ஆடி முடிச்சப்புறம். ஒன்பதே முக்காலுக்கு. மெதுவா."