நல்லது செய்யவும் பட்டம் வேண்டுமா?



மே மாதம் வந்துவிட்டால் பங்கு இல்லத்தில் கூட்டம் கூடிவிடும். கல்லூரியில் சேர நன்னடத்தைச் சான்று, கட்டணச் சலுகைக்குப் பரிந்துரைக் கடிதம், திருமுழுக்குச் சான்றிதழ் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. கடந்த ஆண்டு அப்படி வந்தவர்களில் ஒரு தந்தையும் மகளும் இருந்தார்கள். மகள் தாவரவியலில் இளங்கலை முடித்தவள். எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் முதுகலைச் சமூகப்பணிப் படிப்பில் சேர விரும்பினாள். தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கையில் அவர் மெதுவாகக் கேட்டார்: "சாமி, நாலு பேருக்கு நல்லது செய்யறதுக்கும் ஃபீஸ் கட்டிப் படிக்கணுமா? மனசு இருந்தாப் போதாதா? இதெல்லாம் மடத்துச் சிஸ்டருங்க படிக்கிற படிப்பு இல்லையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் என்னால் உடனே சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. மனது மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் என் சொந்த அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், மாதத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் ஏழைகள் உண்டியல் பணத்தில் வாங்கிய அரிசியைக் கொடுப்போம். கோயில் வாசலிலேயே வரிசை நிற்கும். நானே என் கையால் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு மனநிறைவு இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வரிசையில் கணவரை இழந்த ஒரு தாயும் நிற்பார். ஒரு கட்டத்தில் அவர் வரிசைக்கு மட்டுமல்ல, கோயிலுக்கே வருவதை நிறுத்திவிட்டார். 'உதவி வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டாரே' என்று எனக்குச் சற்று வருத்தம்கூட.

அப்போது எங்கள் பங்கின் மாலை வகுப்பு மையத்திற்குக் களப்பணிக்காக இரண்டு சமூகப்பணி மாணவிகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தத் தாயின் வீட்டிற்குப் போனார். போனவர் எந்த அறிவுரையும் சொல்லாமல், அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தார். இப்படி மூன்று முறை. அதன்பின்தான் விஷயம் தெரிந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனைப் பள்ளியில் உடன்படிக்கும் பிள்ளைகள் 'கோயில் அரிசி' என்று பட்டப்பெயர் வைத்து அழைத்திருக்கிறார்கள். அவன் அழுதுகொண்டே, இனிமேல் வரிசையில் நிற்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறு. ஆதரவற்ற விதவைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு அவர் கொடுத்த மனு, கணவரின் இறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறு பெயரும் இருந்ததால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றுபோயிருந்தது.

நான் மாதந்தோறும் அவரைப் பார்த்தவன். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்த மாணவி செய்த இன்னொன்றும் என் நினைவில் நிற்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துவிடலாம் என்று நான் முன்வந்தேன். "வேண்டாம் ஃபாதர், அவங்களே பேசட்டும். நான் கூடப் போறேன்" என்றார். நான்கு முறை அலைந்தார்கள். முதல் முறை அலுவலரிடம் மாணவிதான் பேசினார். கடைசி முறை அந்தத் தாயே பேசினார். உதவித்தொகை வந்தது. வாசலில் அரிசி கொடுக்கும் வழக்கத்தை அந்த மாதமே நிறுத்தினோம். (அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். இந்தப் பழக்கத்தையும் அந்த மாணவிகளிடமிருந்துதான் கற்றேன்.)

இந்தப் படிப்பு தோன்றிய விதமே அந்தத் தந்தையின் கேள்விக்கு ஒரு பதில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் நல்ல மனதுள்ள பலர் ஏழைகளின் வீடுகளைச் சந்தித்து உதவி வந்தார்கள். யார் உதவிக்குத் தகுதியுள்ள ஏழை, யார் தகுதியற்றவர் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். நல்லெண்ணம் மட்டும் போதவில்லை என்பதை அந்த அமைப்புகளில் இருந்தவர்களே உணர்ந்ததால்தான் 1898இல் நியூயார்க்கில் ஒரு கோடைகாலப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நம் நாட்டில் 1936இல் பம்பாயில் முதல் சமூகப்பணிக் கல்லூரி பிறந்தது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மறைப்பணியாளர். நாக்பாடா பகுதியின் ஏழை மக்களிடையே பணி செய்துவந்தவர். அந்தக் கல்லூரியே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி உருவானது. பம்பாயின் நிர்மலா நிகேதன் கல்லூரியை 1955இல் தொடங்கியவர்கள் துறவறச் சகோதரிகள். சென்னை ஸ்டெல்லா மாரிஸ், லொயோலா கல்லூரிகளிலும் இத்துறை உண்டு. ஆகவே 'மடத்துச் சிஸ்டர்கள் படிப்பது' என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வகுப்பறைகளை நிரப்புவோர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளே.

படிப்பு இரண்டு ஆண்டுகள். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் பொதுவாகச் சேரலாம். தனிமனிதரோடு பணி செய்வது, குழுவோடு பணி செய்வது, ஒரு சமுதாயத்தையே ஒன்றுதிரட்டுவது, சமூக ஆய்வு, நிர்வாகம் என்று பாடங்கள் போகும். பிறகு மருத்துவமும் மனநலமும், சமுதாய வளர்ச்சி, மனிதவள மேலாண்மை போன்றவற்றில் ஒன்றைச் சிறப்புப் பாடமாகத் தேர்ந்துகொள்வார்கள். இதையெல்லாம் கல்லூரிக் கையேட்டிலேயே வாசித்துக்கொள்ளலாம்.

கையேட்டில் விளங்காதது களப்பணி. பொதுவாக வாரத்தில் இரண்டு நாட்கள் மாணவர்கள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, தொழிற்சாலை என ஏதேனும் ஓர் இடத்திற்கு அனுப்பப்படுவார்கள். திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். 'இன்று ஐந்து வீடுகளைச் சந்தித்தேன்' என்று எழுதினால் போதாது. அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அந்த நேரம் எனக்குள் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பேராசிரியர் அதை வாசித்துவிட்டு மாணவரைத் தனியே அமர்த்திக் கேட்பார்: "அந்த அம்மா அழத் தொடங்கியதும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" குருமடத்தில் நாங்களும் வார இறுதிகளில் கிராமங்களுக்குப் போனோம், அறிக்கையும் எழுதினோம். எத்தனை வீடுகள் என்று கேட்டார்கள். ஏன் பேச்சை மாற்றினாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சற்று மேலான குருவாக இருந்திருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

உலகெங்கும் சமூகப்பணி மாணவர்கள் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்யும் ஏழு கோட்பாடுகள் உண்டு. அவற்றை வகுத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயேசு சபைக் குரு ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வெளியிட்ட நூலில் அவற்றை எழுதினார். வருபவரை எண்ணிக்கையாகப் பார்க்காமல் தனி மனிதராகப் பார்ப்பது, அவருடைய உணர்ச்சிகளைச் சொல்ல இடம் தருவது, நம் உணர்ச்சியை அளவோடு வைத்துக்கொண்டு அவர் துயரில் பங்குகொள்வது, அவரை உள்ளபடியே ஏற்பது, தீர்ப்பிடாதிருப்பது, தம் வாழ்வைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் அவருடைய உரிமையை மதிப்பது, இரகசியம் காப்பது என்பவை அவை.

இவற்றில் பெற்றோருக்கும் பங்குத்தந்தையருக்கும் மிகக் கடினமானது ஆறாவது. குடிகாரக் கணவரோடு வாழ்வதா, பிரிந்து நிற்பதா என்று ஒரு பெண் கேட்டு வந்தால் நம் வாயில் பதில் தயாராக இருக்கும். சமூகப்பணியாளர் பதிலைக் கையில் கொடுக்க மாட்டார். அவளுக்கு முன்னுள்ள வழிகள் என்ன, சட்டம் என்ன சொல்கிறது, ஒவ்வொரு வழியிலும் என்ன ஆபத்து என்பதை விளக்கி, அவள் முடிவெடுக்கும்வரை உடனிருப்பார்.

இரகசியம் என்றதும் நமக்கு ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரை நினைவுக்கு வரும். இது அதுவன்று. சமூகப்பணியாளரின் இரகசியத்திற்கு எல்லை உண்டு. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப மானம், பங்கின் பெயர் என்று மூடிவைக்க முடியாது. இதை வகுப்பிலேயே தெளிவாகக் கற்றுக்கொண்ட ஒருவர் ஒவ்வொரு பங்கிலும் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

வேலை கிடைக்குமா? இதில் பெற்றோருக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. மனிதவளம் படிப்பவர்கள் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்ததிலிருந்தே அந்த வாசல் திறந்திருக்கிறது. மருத்துவமனைகள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் வேலை உண்டு. ஆனால் இவற்றில் பல தொகுப்பூதியப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் தொண்டு நிறுவனங்களின் கை மேலும் சுருங்கியது.

இன்னொரு வருத்தமும் உண்டு. படித்து வந்த பிள்ளையிடம் 'இது சேவைதானே' என்று சொல்லிக் குறைந்த சம்பளம் கொடுக்கும் வழக்கத்திற்குத் திருச்சபை சார்ந்த நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. கணக்கு எழுத வருபவரிடம் நாம் அப்படிச் சொல்வதில்லை.

சேரப் போகிறவர்கள் கட்டிடத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். களப்பணி வாரத்தில் எத்தனை நாட்கள், எங்கே அனுப்புகிறார்கள், அறிக்கையை யார் வாசிக்கிறார்கள், வாசித்துவிட்டு மாணவரோடு உட்கார்ந்து பேசுகிறார்களா என்று மூத்த மாணவர்களிடமே விசாரியுங்கள். அஞ்சல் வழியில் படிப்போரும் இதையே கேட்க வேண்டும். பேருக்குக் கையெழுத்து வாங்கி முடிகிற களப்பணி என்றால், அந்தப் பட்டத்திற்காக இரண்டு ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை.

லேத் பட்டறைத் தந்தையிடம் அன்று அரிசி வரிசைக் கதையைத்தான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "குடிசைப் பக்கமெல்லாம் தனியா அனுப்புவாங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார். அதைக் கல்லூரியிலேயே கேளுங்கள் என்றேன். போய்க் கேட்டிருக்கிறார். முதலில் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவோம் என்று சொன்னார்களாம். மகளைச் சேர்த்துவிட்டார்.

சென்ற மாதம் கோயில் வளாகத்தில் அவரைச் சந்தித்தபோது மகளைப் பற்றி விசாரித்தேன். அரசு மருத்துவமனையில் களப்பணிக்குப் போகிறாளாம். "முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒண்ணு சொல்லிச் சண்டை போடுவா சாமி. இப்ப முழுசாக் கேட்டுட்டு, 'அப்புறம்?'ங்கிறா. எனக்குத்தான் என்ன பேசறதுன்னு தெரியல" என்றார்.