ஒரு மிதி, இரண்டு அடி

லெட் செப்லின் ராக் குழுவின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வெளிவந்தது. அதன் முதல் பாட்டு ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’. அதில் காலால் வாசிக்கும் பேஸ் டிரம் ‘தக... தக...’ என்று இரட்டை இரட்டையாக விழும். கேட்பவர் இரண்டு காலும் வேலை செய்வதாகத்தான் நினைப்பார். குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம் அதை ஒற்றைப் பெடலில், வலது காலால் மட்டுமே வாசித்தார்.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிய, பெடலைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். மிதிபலகையின் குதிகால் முனை கீலில் நிற்கிறது. விரல் முனையைச் செயின் ஒன்று மேலே உள்ள தண்டோடு பிணைக்கிறது. தண்டில்தான் பீட்டர் என்ற சுத்தி இருக்கிறது. மிதித்தால் பீட்டர் போய் டிரம்மின் தோலில் அடிக்கும். காலைத் தளர்த்தினால் பக்கத்து ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கும், தோலும் எதிர்த்துத் தள்ளும். ஒரே மிதியில் இரண்டு அடி தரும் ‘டபுள் ஸ்ட்ரோக்’கின் சூட்சுமம் முழுக்க இந்தத் திரும்பி வருதலில் இருக்கிறது. அடித்த பீட்டரைத் தோலிலேயே அழுத்தி வைத்திருப்பவருக்கு இரண்டாவது அடி கிடைக்காது.

சாதாரணமாக வாசிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் காலை ஒருமுறை இயக்க வேண்டும். மெட்டல் இசையில் நிமிடத்துக்கு 200 தாளம், தாளத்துக்கு நான்கு அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 800 அடி. டபுள் பெடலில் இரண்டு காலும் பங்கு போட்டாலும் காலுக்கு 400. தொடை எத்தனை நேரம் தாங்கும்? ஒரு மிதியில் இரண்டு அடி விழுந்தால் அந்த 400 பாதியாகிவிடும்.

அதற்குப் பெயர்பெற்ற வழி ‘ஹீல்-டோ’. பாதத்தை வழக்கத்தைவிடச் சற்றுப் பின்னால் வைத்து, தட்டையாக அப்படியே விழவிட வேண்டும். குதிகால் கீழே படும்போதே முன்பாதம் பலகையை அழுத்திவிடும். முதல் அடி அது. உடனே குதிகால் மேலே எழும். எழும்போது முழங்கால் உயர, கணுக்கால் நீண்டு, விரல்பகுதி பலகையை மறுபடி தட்டும். இரண்டாவது அடி அது. பார்ப்பதற்குத் தையல் மிஷின் மிதிப்பதுபோல இருக்கும். ஆனால் தையல் மிஷின் பலகைக்கு அச்சு நடுவில். குதிகாலை அழுத்தினால் மறுபக்கம் எழும். டிரம் பெடலுக்குக் கீல் பின்முனையில். ஆகவே குதிகாலை மட்டும் அழுத்திப் பயனில்லை, இரண்டு அடியையும் முன்பாதம்தான் தர வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

வேறு முறைகளும் உண்டு. ‘ஸ்லைடு’ முறையில் பாதம் பலகையின் நடுவில் ஓர் அடி அடித்துவிட்டு, முன்னே வழுக்கிப் போய் அடுத்ததை அடிக்கும். ‘ஸ்விவல்’ முறையில் குதிகால் இடமும் வலமும் ஊசலாடும், திருப்பத்துக்கு ஓர் அடி.

எந்த முறையானாலும் நோய் ஒன்றே: முதல் அடி இடிபோல விழும், இரண்டாவது முனகும். மேடையில் ‘ட்ரிகர்’ பொருத்தி, தோலின் அதிர்வைக் கொண்டு பதிவுசெய்த ஒலியை எழுப்பி இதை மறைத்துவிடலாம். மேடைக்கு அது சரி. வீட்டுப் பயிற்சியில் ட்ரிகர் கூடாது என்பதே என் கட்சி. காது ஏமாந்துவிட்டால் காலைத் திருத்த ஆளில்லை. ஸ்பிரிங்கை முறுக்கேற்றினால் வேகம் வந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். இறுக்கம் மிஞ்சினால் கால் சீக்கிரம் ஓயும், தளர்ந்தால் பீட்டர் தாமதமாகத் திரும்பும். நடுவில் தொடங்கி, கால் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்க நினைப்பவர்கள் தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். நாற்காலி உயரத்தைத் தொடை தரைக்கு இணையாக, அல்லது இடுப்பு முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வாசித்ததைக் கைபேசியில் பதிவுசெய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். எது முதல் அடி, எது இரண்டாவது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.