மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்தும்

சிலிம் ரிவர் வட்டாரத்தில் இன்று எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் உங்கள் பாட்டியோ தாத்தாவோ ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்றால், வீட்டின் ஏதோ ஒரு மூலையில் விநோதமான கத்தி ஒன்று கிடக்கலாம். நுனி வளைந்து, ஆங்கில 'வி' எழுத்தைப் போல மடிந்திருக்கும். அதுதான் பால் வெட்டும் கத்தி. நம் நாட்டில் பரவலாகப் புழங்கிய வகைக்கு ஜெபோங் என்று பெயர்.

பாட்டியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "பாட்டி, கத்தியைத் தீட்டாமல் ஒரு நாளாவது வெட்டுக்குப் போயிருக்கீங்களா?" பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். ஏன் சிரிக்கிறார் என்பதற்கு அறிவியலில் விடை இருக்கிறது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். ரப்பர் பால் கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. அதிலும் பட்டையின் உட்பகுதியில்தான் பால் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அதற்கும் உள்ளே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம். புதிய பட்டையை உண்டாக்குவது அதுதான். நிறையப் பால் வேண்டுமானால் கேம்பியத்துக்கு மிக அருகே வெட்ட வேண்டும். ஆனால் அதைத் தொட்டுவிடக் கூடாது. நடுவில் விட வேண்டிய இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். அதிகாலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒன்றுவிடாமல் இந்த 1 மில்லிமீட்டரைக் காக்க வேண்டும். தோட்டத்து வேலையைச் சாதாரண வேலை என்று யாராவது சொன்னால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

இருட்டில் ஏன் போக வேண்டும்? விடியுமுன் மரத்துக்குள் நீர் நிறைந்திருக்கும். அப்போது பால் குழாய்களில் உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 10 மடங்கு. கார் டயரில் இருப்பதைவிட நான்கைந்து மடங்கு அதிகம். குழாய் சுத்தமாக அறுபட்டால் பால் தானே பீறிட்டு மங்கில் வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்துவிடும்.

இந்த மரம் நம் மண்ணுக்குரியது அல்ல. 1877ஆம் ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 நாற்றுகள் நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் புண்ணாகிப் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். 1888 முதல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார். ஒரே வெட்டின் கீழ் ஓரத்தை ஒவ்வொரு முறையும் மெல்லிசாகச் சீவி, அதே காயத்தைத் திரும்பத் திறக்கும் முறை அது. மேலே சீவிய இடத்தில் புதுப் பட்டை வளர்ந்துகொண்டே வரும். ரிட்லியின் பெயர் பாடப்புத்தகத்தில் வருகிறது. ஆனால் அவருடைய முறை கூரான கத்தி இல்லாமல் ஒரு நாள்கூட நடக்காது. அந்தக் கத்தியைத் தினமும் தீட்டியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழை நாள் போக ஆண்டுக்கு 150 வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரான கத்தி ஒரு வெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் பட்டையைச் சீவும். ஆண்டுக்கு 22.5 சென்டிமீட்டர். 1.2 மீட்டர் உயரப் பட்டை ஐந்து ஆண்டுக்கு மேல் தாங்கும். மழுங்கிய கத்தி மெல்லிசாகச் சீவாது; பிய்க்கும். வெட்டுக்கு 2.5 மில்லிமீட்டர் போனால் அதே பட்டை மூன்று ஆண்டு சொச்சத்தில் தீர்ந்துவிடும். போதாததற்கு, மழுங்கிய கத்தியைக் கையால் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் ஒரு கட்டத்தில் சறுக்கி உள்ளே இறங்கும். கேம்பியத்தில் காயம் பட்ட இடத்தில் பட்டை மேடு பள்ளமாக வளரும். அதில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது.

இனி கத்திக்கு வருவோம். கூர்மை என்றால் என்ன? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று படித்திருப்பீர்கள். ஒரு தக்காளியின் மேல் 10 நியூட்டன் விசையோடு, அதாவது ஒரு கிலோ எடையின் அளவுக்கு, கத்தியை வைக்கிறீர்கள். 1 சென்டிமீட்டர் நீள விளிம்பு படுகிறது. நன்றாகத் தீட்டிய விளிம்பின் அகலம் 1 மைக்ரான் என்றால் அழுத்தம் 1000 மெகாபாஸ்கல். விளிம்பு தேய்ந்து 20 மைக்ரான் ஆகிவிட்டால் அழுத்தம் 50 மெகாபாஸ்கல்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தேய்மானம், ஆனால் கத்தியின் வேலையில் இருபதில் பத்தொன்பது பங்கு போய்விட்டது! அதை ஈடுகட்டத்தான் நாம் பலத்தைக் கூட்டுகிறோம். அப்போதுதான் கத்தி வழுக்கி விரலில் படுகிறது.

தீட்டுவது என்றால் இரும்பை மெலியவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கத்தியின் இரண்டு பக்கமும் இரண்டு சமதளங்கள். அவை சந்திக்கும் கோடுதான் விளிம்பு. கோடு தேய்ந்து உருண்டுவிட்டால், இரண்டு தளங்களும் மீண்டும் சந்திக்கும் வரை தேய்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

எஃகைத் தேய்க்க எஃகைவிடக் கடினமான பொருள் வேண்டும். இன்றைய தீட்டுக்கல்லில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடு. மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் இவை 9ஐயும் அதற்குச் சற்று மேலும் எட்டும். சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாகச் செய்தவர் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன். 1890களின் தொடக்கத்தில் அவர் செய்ய முயன்றது செயற்கை வைரம்! கல்லின் மேல் உள்ள எண் துகளின் நுண்மையைக் காட்டும். 1000 எண் கல்லில் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. 6000 எண் கல்லில் சுமார் 2 மைக்ரான். வீட்டுக் கத்திக்கு 1000 போதும். கல்லே இல்லையென்றால் பீங்கான் குவளையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான வளையத்தில் தீட்டலாம். பீங்கான் தட்டில் வைத்து அறுத்தால் கத்தி மழுங்குகிறதே, பீங்கான் குவளையில் எப்படிக் கூராகிறது? தட்டில் விளிம்பு செங்குத்தாக மோதுகிறது. குவளையில் சாய்ந்து உரசுகிறது. கோணம்தான் வேறுபாடு.

அந்தக் கோணத்தைக் கைவிடாமல் பிடிப்பதுதான் கடினம். சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை போதும். 15 பாகையைக் கண்ணால் எப்படி அளப்பது? சைன் விகிதம் இங்கே கைகொடுக்கும். முதுகிலிருந்து விளிம்புவரை கத்தியின் அகலம் 40 மில்லிமீட்டர் என்றால், 40ஐச் சைன் 15 பாகையின் மதிப்பான 0.26ஆல் பெருக்குங்கள். கிடைப்பது சுமார் 10 மில்லிமீட்டர். கத்தியின் முதுகு கல்லிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் காசுகளை அடுக்கி, அதன்மேல் முதுகைச் சாய்த்துப் பார்த்துக் கைக்குப் பழக்குங்கள். (அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தீட்டிய கத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டாம்.)

ஈரத்துணி விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தேய்ந்து வரும் கருப்புக் குழம்பைத் தண்ணீர் அடித்துச் செல்லும். இல்லாவிட்டால் கல்லின் துளைகள் அடைபடும். தளத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மை அப்படியே இருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது. விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் முதுகு உயர்ந்துவிட்டது.

எப்போது நிறுத்துவது? ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால், மறுபக்கத்தில் மயிரிழை போல எஃகு மடிந்து நிற்கும். இதைப் பிசிறு என்று சொல்லலாம். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள், வெட்டிவிடும்! முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்தால் சொரசொரவென்று தட்டும். அடியிலிருந்து நுனிவரை பிசிறு வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பிசிறு வருமுன்பே திருப்புவதுதான் புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

தாந்தோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஜப்பானியக் குறுவாள். அலகின் நீளம் 30 சென்டிமீட்டர் அளவுக்குள் இருக்கும். அதன் பெயரில் இப்போது விற்கும் கத்திகளில், ஒரு நேர் விளிம்பும் இன்னொரு நேர் விளிம்பும் நுனிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் சந்திக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தீட்ட வேண்டும். ஒரே வீச்சில் வளைத்து இழுத்தால் அந்த மூலை உருண்டு, கத்தியின் வடிவமே போய்விடும். நம் ஜெபோங்கிலும் இதே சிக்கல்தான். இரண்டு சிறகுகள், நடுவில் ஒரு மடிப்பு. வெளிப்பக்கத்தைத் தட்டைக் கல்லில் ஒவ்வொரு சிறகாகத் தேய்க்க வேண்டும். உட்பக்கத்துக்கு ஓரம் மெலிந்த சின்னக் கல் வேண்டும். மடிப்பு உருண்டுவிட்டால் வெட்டின் வாய்க்காலும் சரியாக அமையாது, பால் ஓரத்தில் வழிந்து பட்டையில் வீணாகும்.

மின்சாரச் சாணையில் ஒரு நொடியில் முடியுமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் சாணையில் பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு சட்டென்று சூடாகிறது. விளிம்பு நீலநிறம் ஆகிவிட்டால் அங்கே சுமார் 300 பாகை செல்சியஸ் ஏறிவிட்டது என்று பொருள். எஃகின் கடினத்தன்மை அந்த இடத்தில் குறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஈரக் கல்லில் கையால் தேய்க்கும்போது அந்தப் பயம் இல்லை.

தீட்டிய கத்தியை ஒரு தக்காளியின் மேல் வையுங்கள். அழுத்தாமல், அதன் எடையிலேயே இழுங்கள். தோல் விட்டுக்கொடுத்தால் சரி. பழைய ஜெபோங் கையில் இருந்தால் அதைப் பாட்டியிடம் கொடுத்து, உட்பக்க மடிப்பை எப்படித் தீட்டினார் என்று காட்டச் சொல்லுங்கள்.